பூவா தலையா? ஹைதராபாத் பக்கத்தில் அளந்த துணிச்சல்

வெளிநாட்டில் நம்மவர்கள் நாலு குடும்பம் கூடி, சாப்பிட்டு முடித்து, காபி டம்ளரோடு உட்கார்ந்தால் இரண்டு வசனங்கள் எப்படியும் வந்துவிடும். முதலாவது: "ஊர்ல இருக்கறவங்களுக்கு ரிஸ்க் எடுக்கத் தைரியம் கிடையாதுங்க, அதான் அப்படியே இருக்காங்க." இரண்டாவது அதன் தம்பி: "கையில காசு வந்தா அன்னிக்கே காலி. நாளைக்குன்னு ஒரு நினைப்பே இல்ல." இரண்டாவதைச் சொல்பவர் போன வாரம்தான் ஊருக்குப் பணம் அனுப்பியிருப்பார் :-)

இந்த இரண்டு வசனங்களும் உண்மையா என்று நிஜக் காசை வைத்து அளந்து பார்த்திருக்கிறார்கள் என்பது நம்மில் பல பேருக்குத் தெரியாது. அதுவும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை ஆய்வுக்கூடத்தில் உட்கார வைத்து அல்ல. ஹைதராபாத்தை ஒட்டிய படான்செருவில் இருக்கும் ஒரு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கிளம்பிப் போய், மானாவாரி விவசாயிகளின் வீட்டுத் திண்ணையில். மனிதர்களின் துணிச்சலையும் பொறுமையையும் எப்படி அளப்பது என்ற கேள்வியின் வரலாற்றில் அந்த ஊர்களுக்குத் தனி அத்தியாயமே உண்டு. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். பொறுமையைப் பற்றிய பதிவுதானே!

*

ஹைதராபாத்தில் வேலை பார்த்தவர்களுக்கு படான்செரு என்றால் மும்பை நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையும்தான் ஞாபகம் வரும். அதே சாலையில்தான் இக்ரிசாட் இருக்கிறது. மழை குறைந்த வறண்ட வெப்ப நிலங்களின் பயிர்களுக்காக 1972-ல் தொடங்கிய சர்வதேச நிலையம். நெல்லுக்கு பிலிப்பைன்ஸ், கோதுமைக்கு மெக்சிகோ என்று ஏற்கனவே பெரிய நிலையங்கள் இருந்தன. பசுமைப் புரட்சியும் அந்த இரண்டு பயிர்களைச் சுற்றித்தான் நடந்தது. சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை என்று வானம் பார்த்த பூமியில் விளைவதையெல்லாம் கவனிக்க ஆள் வேண்டுமே, அதற்குத்தான் இது.

ஆனால் விதையை மட்டும் கண்டுபிடித்தால் போதாது. அந்தக் காலத்து அதிகாரிகளின் பெரிய குறை ஒன்று உண்டு. நல்ல விதை கொடுக்கிறோம், உரம் சொல்கிறோம், குடியானவன் வாங்க மாட்டேன் என்கிறான். ஏன்? "அவன் பயந்தவன். பரம்பரையாக அப்படியே பழகிவிட்டான்" என்பது தயாராக இருந்த பதில். பொருளாதாரப் புத்தகங்களும் இதையே கொஞ்சம் மரியாதையான மொழியில் சொல்லிக்கொண்டிருந்தன: ஏழை விவசாயிக்கு ரிஸ்க் என்றால் ஒவ்வாமை அதிகம்.

இந்தப் பதில் சரியா தவறா என்பதில் நிறைய அடங்கியிருந்தது. குறை ஆளின் மனதில் இருக்கிறது என்றால் அரசாங்கம் செய்ய வேண்டியது பிரசாரம்: கூட்டம் போடு, படம் காட்டு, தைரியம் சொல். குறை வெளியே இருக்கிறது என்றால் செய்ய வேண்டியது வேறு: கடன், கிணறு, சாலை, காப்பீடு. அளந்து பார்க்காமல் எப்படி முடிவு செய்வது?

1975-ல் இக்ரிசாட் ஒரு காரியம் செய்தது. ஆறு ஊர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைய ஆந்திராவின் மஹபூப்நகர் மாவட்டத்தில் ஔரேபள்ளி, டோகூர். மகாராஷ்டிராவின் சோலாப்பூர் மாவட்டத்தில் ஷிராபூர், கால்மன். அகோலா மாவட்டத்தில் கன்சரா, கின்கேடா. ஊருக்கு நாற்பது குடும்பம்: முப்பது நிலம் உள்ளவர்கள், பத்து நிலமற்ற கூலிக்காரர்கள். ஊரிலேயே தங்கி இருக்கும் ஆய்வாளர்கள் சில வாரங்களுக்கு ஒரு தடவை ஒவ்வொரு வீட்டுக்கும் போய் என்ன விதைத்தீர்கள், என்ன விற்றீர்கள், யாரிடம் கடன் வாங்கினீர்கள், எத்தனை நாள் கூலிக்குப் போனீர்கள் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, பத்து வருஷம் வரை சில ஊர்களில் இது நடந்தது. 2001-க்குப் பிறகு மறுபடியும் தொடங்கினார்கள். உலகத்தில் எந்த மூலையில் வளர்ச்சிப் பொருளாதாரம் படித்தாலும் இந்த ஊர்களின் பெயர் கண்ணில் படாமல் போகாது. ஹைதராபாத்துக்குத் தெற்கே எழுபது கிலோமீட்டர் தள்ளி, செம்மண்ணில் ஆமணக்கும் சோளமும் போட்டுக்கொண்டிருந்த ஔரேபள்ளிக்காரர்களுக்கு இந்தப் புகழ் தெரியுமோ என்னவோ!

*

இந்த ஊர்களுக்குள் நுழைந்தவர் ஹான்ஸ் பின்ஸ்வாங்கர். 1943-ல் பிறந்த சுவிஸ்காரர், அமெரிக்காவில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். பின்னாளில் உலக வங்கியில் பெரிய பொறுப்புகளில் இருந்து, கடைசியில் தென்னாப்பிரிக்காவில் 2017-ல் காலமானார். எழுபதுகளில் அவர் இக்ரிசாட்டில் இருந்தபோது எடுத்துக்கொண்ட கேள்வி, இந்த 240 குடும்பங்களில் யார் எவ்வளவு ரிஸ்க் எடுப்பார்கள் என்பது.

முதலில் அவர் பயன்படுத்தியது அப்போது வழக்கத்தில் இருந்த நேர்காணல் முறை. அதன் சூட்சுமம் எளிது. "இந்தப் பக்கம் நிச்சயமான வருமானம், அந்தப் பக்கம் நல்ல வருஷம் நிறைய, கெட்ட வருஷம் கொஞ்சம். எது வேண்டும்?" நிச்சயமானதைச் சொன்னால் அந்தத் தொகையைக் கொஞ்சம் குறைத்துக் கேட்பது. மற்றதைச் சொன்னால் கொஞ்சம் கூட்டிக் கேட்பது. இப்படி ஏற்றி இறக்கி, "இரண்டும் ஒண்ணுதான்" என்று அவர் சொல்லும் இடத்துக்கு வந்து நிறுத்துவது. அந்தப் புள்ளிதான் அவருடைய துணிச்சலின் அளவு.

கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் ஊத்திக்கொண்டது. பதில், பதில் சொன்னவரைப் பொறுத்து மாறியதைவிடக் கேள்வி கேட்டவரைப் பொறுத்து மாறியது! கேட்கும் தொனி, எடுத்த எடுப்பில் சொல்லும் தொகை, "அப்படியா?" என்று புருவம் உயர்த்துவது எல்லாம் பதிலுக்குள் புகுந்துவிட்டன. போதாக்குறைக்கு எல்லாம் கற்பனைக் காசு. கற்பனைக் காசில் நாம் எல்லோருமே வீரர்கள்தானே.

அதனால் அவர் கற்பனையைத் தூக்கிப் போட்டுவிட்டு நிஜக் காசை வைத்து ஒரு விளையாட்டுக்கு வந்தார்.

விளையாட்டு இதுதான். ஒரு பட்டியல் காட்டப்படும். அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு நாணயத்தைச் சுண்டுவார்கள். ஐம்பது ரூபாய் ஆட்டத்தின் பட்டியலில் முக்கியமானவை:

சுண்டுவதே வேண்டாம், எப்படி விழுந்தாலும் 50 ரூபாய்.
கெட்ட பக்கம் விழுந்தால் 45, நல்ல பக்கம் விழுந்தால் 95.
கெட்டது 40, நல்லது 120.
கெட்டது 30, நல்லது 150.
கெட்டது 10, நல்லது 190.
கெட்டது ஒன்றுமே இல்லை, நல்லது 200.

சராசரியைப் போட்டுப் பாருங்கள்: 50, 70, 80, 90, 100, 100. கீழே போகப் போக சராசரி லாபம் கூடுகிறது, கூடவே கெட்ட பக்கத்து அடியும் கூடுகிறது. கடைசிப் படியில் மட்டும் சராசரி கூடவில்லை, அடி மட்டும் கூடுகிறது. அதனால் கடைசியைத் தேர்ந்தெடுப்பவர் ரிஸ்க்கைப் பற்றிக் கவலையே இல்லாதவர், அல்லது ரிஸ்க்கை ரசிப்பவர். முதலாவதைத் தேர்ந்தெடுப்பவர் அதற்கு நேர் எதிர். நடுவில் இருப்பவர்கள் நடுவில். யாருடைய கைக்காசும் இதில் போகாது என்பதைக் கவனியுங்கள். மோசமாக விழுந்தாலும் பூஜ்யம்தான், நஷ்டமில்லை.

இதை ஐம்பது ரூபாயில் தொடங்கவில்லை. முதலில் அரை ரூபாய் ஆட்டம். பழகியபின் ஐந்து ரூபாய். பிறகு ஐம்பது. நடுநடுவே யோசிக்க நாட்கள் கொடுத்து, பல வாரங்களுக்கு இழுத்தார்கள். பெண்டாட்டியிடம் கேட்டு, பங்காளியிடம் பேசி முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். நிஜ வாழ்க்கையிலும் முடிவுகள் அப்படித்தானே எடுக்கப்படுகின்றன. பெரிய ஆட்டத்தில் ஜெயித்தால் கிடைத்த தொகை ஒரு சாதாரணக் கூலியாளின் ஒரு மாத வருமானத்தைவிட அதிகம். எந்தப் பணக்கார நாட்டில் ஒரு பேராசிரியர் ஆளுக்கு ஒரு மாதச் சம்பளம் வைத்து ஆடக் கொடுப்பார்? ஹைதராபாத் பக்கத்தில்தான் அது கட்டுப்படியானது. இந்த ஆய்வு உலகப் புகழ் பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம்.

*

1980-ல் முடிவுகள் வெளிவந்தன. மூன்று விஷயங்கள் முக்கியம்.

ஒன்று. அரை ரூபாய் ஆட்டத்தில் ஆட்கள் பட்டியல் முழுக்கச் சிதறிக் கிடந்தார்கள். துணிந்தவர், பயந்தவர், எல்லா ரகமும். தொகை ஏற ஏற எல்லோரும் நடுப்பக்கம் நகர்ந்தார்கள். பெரிய ஆட்டத்தில் அநேகமாக எல்லோருமே மிதமாக ரிஸ்க்கைத் தவிர்ப்பவர்கள்தான். சிறு தொகையில் தெரிந்த வித்தியாசம் பெரிய தொகையில் கரைந்துவிட்டது.

இரண்டு. பணக்காரன், ஏழை என்பதால் பெரிய வித்தியாசம் இல்லை. சொத்து இருந்தால் துணிச்சல் லேசாகக் கூடுவது போலத் தெரிந்தது. ஆனால் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. நாலு ஏக்கர்காரரும் நாற்பது ஏக்கர்காரரும் நிலமில்லாத கூலியாளும் ஒரே சுண்டலுக்கு முன்னால் கிட்டத்தட்ட ஒரே மாதிரி யோசித்தார்கள்.

மூன்று. முந்தைய ஆட்டங்களில் அதிர்ஷ்டம் அடித்தவர்கள் அடுத்த ஆட்டத்தில் கொஞ்சம் கூடத் துணிந்தார்கள். நாணயத்துக்கு ஞாபகசக்தி கிடையாது, மனிதனுக்கு உண்டு.

நேர்காணலில் கிடைத்த அளவுகளை இதோடு ஒப்பிட்டால் சம்பந்தா சம்பந்தமே இல்லை. அந்த முறையை அவர் வெளிப்படையாகவே நிராகரித்தார்.

இப்போது முதல் வசனத்துக்கு வாருங்கள். ஏழை விவசாயி புது விதைக்குத் தயங்குவது அவன் பிறவியிலேயே பயந்தவன் என்பதால் என்றால், இந்த விளையாட்டில் அவன் தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஆனால் வயலில் அவன் வேறு மாதிரி நடந்துகொள்கிறான் என்பதும் உண்மை. ஆக வித்தியாசம் மனதுக்கு வெளியே இருக்க வேண்டும். பின்ஸ்வாங்கரும் டொனால்ட் சில்லர்ஸும் 1983-ல் எழுதிய கட்டுரை இதைத்தான் சொன்னது: விளையாட்டில் கெட்ட பக்கம் விழுந்தால் பூஜ்யத்தோடு வீட்டுக்குப் போகலாம். வயலில் கெட்ட பக்கம் விழுந்தால் கடனோடு போக வேண்டும். கெட்ட வருஷத்தைத் தாண்ட நியாயமான வட்டிக்குக் கடன் கிடைக்கும் ஆள் துணிகிறான், கிடைக்காத ஆள் ஒதுங்குகிறான்.

பிறகு மார்க் ரோசன்ஸ்வெய்குடன் சேர்ந்து 1993-ல் அதே ஊர்களின் கணக்கை வைத்து அவர் இன்னொன்றையும் காட்டினார். பருவமழை எப்போது தொடங்கும் என்பது நிச்சயமில்லாத இடங்களில், வசதி குறைந்தவர்கள் லாபம் குறைவான, ஆனால் பாதுகாப்பான முதலீடுகளுக்கு ஒதுங்குகிறார்கள். வசதி உள்ளவர்கள் அவ்வளவாக ஒதுங்குவதில்லை. ஒரே மழைதான், ஒரே மாதிரி மனசுதான். தாங்குவதற்கு முதுகில் பலம் இருக்கிறதா என்பதுதான் வேறு.

இந்த ஊர்க்காரர்கள் ரிஸ்க்கைச் சமாளித்த விதமும் இதே குறிப்பேடுகளிலிருந்து தெரியவந்தது. கெட்ட வருஷத்தில் உழவு மாட்டை விற்றார்கள், மழை வந்தபின் வாங்க முடியாமல் திண்டாடினார்கள். இன்னொன்று நம் பாட்டிமார்களுக்குப் புதிதாக இருக்காது. ரோசன்ஸ்வெய்கும் ஓடெட் ஸ்டார்க்கும் 1989-ல் எழுதியது: பெண்ணைத் தூரத்து ஊரில் கட்டிக் கொடுப்பது மழைக்கு எதிரான காப்பீடாகவும் வேலை செய்கிறது. இங்கே பொய்த்த மழை சம்பந்தி ஊரில் பெய்திருக்கும் அல்லவா? தூரத்து ஊருக்கு ஆள் அனுப்பி ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்களைப் பற்றி நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மஹபூப்நகருக்கு உள்ளூர்ப் பெயர் பாலமூர். பாலமூர்க் கூலிகள் என்றால் இந்தியா முழுக்க அணை கட்டப் போனவர்கள். அவர்களும் வெளியூர் போனவர்கள், நாமும் வெளியூர் வந்தவர்கள். "ஊரில் இருப்பவன் ரிஸ்க் எடுக்க மாட்டான்" என்று அவர்களிடம் போய்ச் சொல்ல முடியுமா?

*

சரி, இரண்டாவது வசனம்: நாளைக்கு என்ற நினைப்பு இல்லை.

இதையும் அதே ஊர்களில் அளந்தார்கள். ஜான் பெண்டர் என்பவர் ஔரேபள்ளிப் பக்கம் வந்தார். இந்தத் தடவை காசுக்குப் பதில் அரிசி. "இவ்வளவு அரிசி இப்போதா, அதைவிடக் கூடுதலாகக் கொஞ்ச மாதம் கழித்தா?" என்று வெவ்வேறு அளவுகளில் தேர்ந்தெடுக்கச் சொல்வது. 1996-ல் வந்த முடிவுப்படி காத்திருக்கச் சம்மதிக்க மக்கள் கேட்ட கூலி, வட்டிக் கணக்கில் சொன்னால், மிக அதிகம். ஆனால் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. வசதி உள்ளவர்கள் குறைவாகக் கேட்டார்கள், இல்லாதவர்கள் அதிகம் கேட்டார்கள்.

"பார்த்தீர்களா, ஏழைக்குப் பொறுமை இல்லை" என்று குதிக்க வேண்டாம். பெண்டரின் கேள்வியே அதுதான்: நான் அளப்பது மனதையா, கடன் சந்தையையா? லேவாதேவிக்காரரிடம் கடன் வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் "அரிசி இன்றைக்கா, ஏழு மாதம் கழித்தா?" என்று கேட்டால், புத்திசாலியாக இருந்தால் இன்றைக்கே வாங்கிக் கடனை அடைப்பார். ஏழு மாதம் கழித்துக் கிடைக்கும் கூடுதல், அவர் கட்டப்போகும் வட்டியைவிட அதிகமாக இருந்தால்தான் காத்திருப்பார். அவர் சொல்லும் எண் அவருடைய பொறுமையின் அளவு மட்டும் அல்ல, அவர் கட்டும் வட்டியின் அளவும்கூட.

நம் ஊர் ஏலச் சீட்டு இதே அளவுகோல்தான் என்று யோசித்தால் தெரியும். இருபது பேர், மாதம் ஐயாயிரம், ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு என்று வையுங்கள். இரண்டாம் மாதம் ஏலம். ஒருவர் ஐயாயிரம் தள்ளுக்குக் கேட்கிறார், இன்னொருவர் பத்து, பதினைந்து, இருபது. கடைசியில் ஒருவர் இருபத்தைந்தாயிரம் தள்ளி எழுபத்தைந்தாயிரத்துக்கு எடுக்கிறார். தள்ளில் நடத்துபவரின் ஐயாயிரம் போக மீதி இருபதாயிரம் ஆளுக்கு ஆயிரமாகப் பிரியும். அவர் ஏன் இவ்வளவு தள்ளினார்? பொறுமை இல்லாதவரா? மகளுக்குக் கல்யாணம், அல்லது ஆஸ்பத்திரி, அல்லது ஆறு வட்டிக் கடன் கழுத்தில். கூட உட்கார்ந்திருக்கும் அத்தைக்கு அது தெரியும், அதனால் "பாவம், அவசரம்" என்பார். டொராண்டோவிலும் லண்டனிலும் சீட்டுப் பிடிக்கும் நம் ஈழத்து உறவுகளுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஏலத்தில் ஒவ்வொரு கேள்வியும் முந்தைய பதிலுக்கு ஏற்ப ஒரு படி ஏறுகிறது. இதற்குத்தான் விஞ்ஞானிகள் வேறு வழியாக வந்து சேர்ந்தார்கள்.

*

அந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றும் முறை காது டெஸ்டிலும் வெடிமருந்திலும் வளர்ந்தது. ஹங்கேரியில் பிறந்த பெக்கெஷி 1947-ல் ஒரு கருவியை விவரித்தார். சத்தம் கேட்கிறவரை பொத்தானை அழுத்துங்கள், சத்தம் குறைந்துகொண்டே வரும். கேட்கவில்லையா, விடுங்கள், கூடும். மேலும் கீழும் ஆடும் அந்தக் கோடுதான் உங்கள் காதின் எல்லை. (காதைப் பற்றிய ஆராய்ச்சிக்காக 1961-ல் நோபல் வாங்கினார்.) அடுத்த வருஷமே டிக்சன், மூட் என்ற இருவர் வெடிமருந்துச் சோதனைக்கான புள்ளியியலை எழுதினார்கள்: வெடித்தால் அடுத்த தடவை எடையைக் கீழிருந்து போடு, வெடிக்காவிட்டால் மேலிருந்து போடு.

1987-ல் ஜேம்ஸ் மேசர் இதைப் புறாவுக்குக் கொண்டுவந்தார். கொஞ்சம் தீனி சீக்கிரம், நிறைய தீனி தாமதமாக. புறா எதைக் கொத்துகிறது என்று பார்த்துத் தாமதத்தைக் கூட்டிக் குறைத்து அதன் பொறுமையின் எல்லையைக் கண்டுபிடித்தார். அங்கிருந்து மனிதர்களுக்கு. "இன்று 500-ஆ, ஆறு மாதம் கழித்து 1000-ஆ?" இன்று என்றால் அடுத்த கேள்வியில் 250. பிறகு என்றால் 750. அதற்கடுத்து இன்னும் பாதி. ஐந்தாறு கேள்வியில் ஆள் சிக்கிவிடுவார்.

2014-ல் கோஃபார்னஸ், பிக்கெல் இருவரும் இதை ஐந்தே கேள்வியில் முடித்தார்கள். பாதித் தொகை இப்போதா, முழுத் தொகை மூன்று வாரம் கழித்தா என்று தொடங்கி, ஒரு மணி நேரத்திலிருந்து இருபத்தைந்து வருஷம் வரை 31 தாமதங்களில் சரியான இடத்துக்குப் போய்ச் சேரும். போதைப் பழக்கச் சிகிச்சை போன்ற இடங்களில் நோயாளியை ஒரு மணி நேரம் உட்கார வைக்க முடியாது என்பதால் இது பெரிய உதவி. கம்ப்யூட்டர் வந்தபின் இன்னும் ஒரு படி. இதுவரை சொன்ன பதில்களை வைத்து, எந்தக் கேள்வியைக் கேட்டால் இந்த ஆளைப் பற்றி அதிகம் தெரியவரும் என்று கணக்குப் போட்டு அதையே கேட்கும் நிரல்களை அமெரிக்காவில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்து மியுங், பிட் முதலியவர்கள் உருவாக்கினார்கள். டூபியா என்பவரும் கூட்டாளிகளும் 2013-ல் காலம், ரிஸ்க் இரண்டுக்கும் அப்படி ஒரு முறையை வெளியிட்டார்கள்.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. சார்மினார் பக்கத்து லாட் பஜாரில் வளையல் வாங்கியவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல அடுத்த விலை எனக்குச் சாதகமாக வருகிறது என்றால், பிடித்தாலும் வேண்டாம் என்றுதானே சொல்வேன்? பதிலைப் பார்த்து மாறும் கேள்வியில், நிஜக் காசும் இருந்தால், பேரம் புகுந்துவிடும். இன்னொரு சிக்கல்: முதல் கேள்வியில் கை தவறி ஒரு பதில் சொல்லிவிட்டால் மொத்தப் பாதையும் தப்பான கிளையில் போய்விடும். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் காசு கொடுக்கும்போது எந்தக் கேள்விக்குக் கொடுப்பது என்பதில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். பின்ஸ்வாங்கரின் ஒரே தாள் பட்டியலில் பேரத்துக்கு இடமில்லை. ஒரு தடவை காட்டு, ஒன்றைத் தொடு, நாணயத்தைச் சுண்டு. நாற்பது வருஷம் தாண்டியும் எழுத்தறிவு குறைந்த ஊர்களில் அந்த முறை உயிரோடு இருப்பதற்கு இதுவே காரணம்.

*

மஹபூப்நகருக்கே அது திரும்பி வந்தது. 2003-ல் ஹைதராபாத்தைச் சேர்ந்த பேசிக்ஸ் என்ற நுண்கடன் நிறுவனமும் ஐசிஐசிஐ லொம்பார்டும் அங்கே நிலக்கடலை, ஆமணக்கு விவசாயிகளுக்கு மழைக் காப்பீடு விற்கத் தொடங்கின. மழைமானியில் அளவு குறைந்தால் பணம், பயிரைப் பார்க்க யாரும் வர வேண்டாம். இதை யார் வாங்குகிறார்கள் என்று ஜினே, டவுன்செண்ட், விக்கரி மூவரும் ஆராய்ந்தபோது துணிச்சலை அளக்க பின்ஸ்வாங்கர் பாணி நாணய ஆட்டத்தையே ஆடினார்கள். புத்தகப்படி ரிஸ்க்குக்கு அதிகம் பயப்படுபவர்தான் காப்பீட்டை முதலில் வாங்க வேண்டும். நடந்தது தலைகீழ்: அதிகம் பயந்தவர்கள் குறைவாக வாங்கினார்கள். குறிப்பாக அந்த நிறுவனத்தோடு முன்பழக்கம் இல்லாதவர்கள். காரணம் கேட்டால், அந்தக் காப்பீடே அவர்களுக்கு ஒரு ரிஸ்க்காகத் தெரிந்தது. புரியாத தாள், பழகாத ஆள், கட்டின பணம் திரும்புமா?

இந்த நம்பிக்கை விஷயம் இன்னும் பழையது. வால்டர் மிஷெல் என்றால் ஸ்டான்ஃபோர்டு மார்ஷ்மெல்லோ சோதனை ஞாபகம் வரும். பிள்ளைகளை வைத்து வீட்டிலேயே செய்து பார்த்து வீடியோ எடுத்த பெற்றோர் நம்மில் உண்டு. அவருடைய முதல் சோதனை நடந்தது டிரினிடாடில், 1958-ல் வெளிவந்தது. கரும்புத் தோட்டங்களுக்குப் போன இந்தியர்களின் வம்சமும் ஆப்பிரிக்க வம்சமும் வாழும் ஊர். இவர்கள் அவர்களை "இன்றைக்கு மட்டும் வாழ்பவர்கள்" என்றார்கள், அவர்கள் இவர்களை "அனுபவிக்கத் தெரியாமல் காசை மெத்தைக்கடியில் சேர்ப்பவர்கள்" என்றார்கள். மிஷெல் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சென்ட் மிட்டாய் இன்றா, பத்து சென்ட் மிட்டாய் அடுத்த வாரமா என்று கேட்டார். இனத்துக்கு இனம் வித்தியாசம் தெரிந்தது. ஆனால் அதைவிடத் துல்லியமாகத் தெரிந்தது வீட்டில் அப்பா இருக்கிறாரா இல்லையா என்பது. அடுத்த வாரம் வருகிறேன் என்று சொல்லும் பெரியவர் நிஜமாகவே வருவார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் காத்திருக்க முடியும். பிற்காலத்து மார்ஷ்மெல்லோ ஆய்வையும் 2018-ல் வாட்ஸ் முதலியவர்கள் பெரிய அளவில் திரும்பச் செய்தபோது, குடும்பப் பின்னணியைக் கணக்கில் எடுத்தால் காத்திருந்த பிள்ளைகளுக்கும் காத்திராத பிள்ளைகளுக்கும் பிற்கால வித்தியாசம் வெகுவாகக் குறைந்துபோனது.

தமிழ்நாட்டிலும் ஒரு சாட்சி உண்டு. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்த ஆய்வு 2013-ல் வந்தது. அதே ஆள், அதே மூளை. கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய வாரங்களில் புதிர்களில் குறைவாகவும், பணம் வந்தபின் கூடுதலாகவும் செய்தார். வறுமை குணம் அல்ல, அது ஒரு பருவம்போல வந்து போகலாம் என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

*

இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் படுவது இதுதான். அளக்கும் கருவி கூர்மையாக ஆக, ஆளைப் பற்றிய நம் தீர்ப்பு எளிதாக ஆகும் என்று நினைத்திருந்தோம். ஆனால் நடந்தது வேறு. அரை ரூபாயில் ஒரு ஆள், ஐம்பது ரூபாயில் வேறு ஆள். கேட்பவர் மாறினால் பதில் மாறுகிறது. வட்டி மாறினால் பொறுமை மாறுகிறது. அறுவடை வந்தால் புத்தியே தெளிகிறது. அளவுகோலில் தெரியும் எண்ணில் பாதி அந்த ஆளுடையது, மீதி அவர் நிற்கும் இடத்துடையது.

நம்மைப் போல மாதச் சம்பளம், ஆஸ்பத்திரிக் காப்பீடு, பிராவிடெண்ட் ஃபண்டு எல்லாவற்றோடும் உட்கார்ந்துகொண்டு ரிஸ்க் எடுப்பது சுலபம். விழுந்தால் பிடிக்க வலை இருக்கிறது. அந்த வலையில் ஒரு பகுதியை ஊரில் இருப்பவர்கள்தான் பின்னினார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். நாம் விமானம் ஏறியபோது நிலத்தை அடகு வைத்தவர்கள் யார்? ஏஜெண்டுக்குக் கட்ட நகையைக் கழற்றிக் கொடுத்தவர்கள் யார்? அந்த ஆட்டத்தில் நாணயத்தைச் சுண்டியது நாம், கெட்ட பக்கத்துக்குப் பொறுப்பேற்றது அவர்கள்.

அதனால் அடுத்த தடவை மச்சான் பணத்தை வாங்கின கையோடு செலவு செய்துவிட்டார் என்று கோபம் வந்தால், பொறுமையைப் பற்றி உபதேசம் செய்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: யாரிடமாவது எத்தனை வட்டிக்கு வாங்கியிருக்கிறீர்கள்? நாலு வட்டி, ஐந்து வட்டி என்று பதில் வந்தால் அந்தச் செலவு அநேகமாகச் செலவே இல்லை, கடன் அடைப்பு. முதலில் அந்தக் கடனை மொத்தமாகத் தீர்க்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு அவருடைய பொறுமையை அளக்கலாம்.